கீழே மால், மேலே ஆபீஸ், பின்னால் ஃபிளாட்: வாசலில் என்னென்ன தவறும்?

#1 நீளஅகலம்

வணக்கம். ஒரு வளாகத்தின் வரைபடம் அனுமதிக்குப் போகும் நிலையில் இருக்கிறது. இடம் சென்னையின் தென்பகுதி. பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் தருகிறேன்.

முன்னால் 18 மீட்டர் சாலை, நடுவில் மீடியன். மனையின் முகப்பு 110 மீட்டர். இடது ஓரத்தில் 9 மீட்டர் குறுக்குத் தெரு. தரைத்தளமும் அதற்கு மேல் 3 தளமும் கடைகள். நான்காவது தளத்தில் 5 திரை, மொத்தம் 1,100 இருக்கை. அதற்கு மேல் 8 தளம் அலுவலகம். பின்பக்கம் 2 டவரில் 240 வீடு. இரண்டு பேஸ்மென்ட், அதில் 620 கார், 1,400 டூவீலர். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் சுற்றுச்சூழல் அனுமதிக்காக ஒரு போக்குவரத்து ஆய்வு நடந்திருக்கிறது. "சாலை தாங்கும்" என்று முடித்திருக்கிறார்கள்.

வாகனங்களுக்கு உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. இரண்டுமே பிரதான சாலையில். இரண்டுக்கும் நடுவில்தான் நடந்து வருபவர்களுக்கான பெரிய வாசல். சாலை நடைபாதை 2 மீட்டர். பஸ் ஸ்டாப் உள்ளே போகும் வழிக்கு 25 மீட்டர் முன்னால்.

தப்பு எங்கே இருக்கிறது, கட்டுவதற்கு முன்னால் எதை மாற்றலாம்? கட்டியபிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே கேட்கிறேன்.

---

#2 மேட்டுக்கோடு

முதல் கேள்வி: அந்த ஆய்வில் வண்டி எண்ணியது என்னைக்கு? பெரும்பாலும் செவ்வாய், புதன்ல காலை 9–10, மாலை 6–7 எண்ணுவாங்க. அது ஆபீஸுக்குச் சரி. மாலுக்கு உச்சம் சனி, ஞாயிறு சாயங்காலம் 5ல இருந்து 9 வரை. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் தனிக் கணக்கு. ஆய்வு அறிக்கையில சனிக்கிழமை எண்ணிக்கை இல்லைன்னா, "சாலை தாங்கும்"ங்கிற வரிக்கு மதிப்பே கிடையாது.

ரெண்டாவது: சாலை தாங்குமாங்கிறது அப்புறம். உங்க கேட் தாங்குமா? இதை யாரும் கணக்குப் போடுறதே இல்லை.

சனிக்கிழமை ஒரு மணி நேரத்துல 420 கார் வருதுன்னு வெச்சுக்குவோம். உள்ளே வர 2 லேன். டிக்கெட் கிழிச்சுக் கொடுத்து, கண்ணாடியை வண்டிக்கு அடியில விட்டு, டிக்கி திறந்து பார்த்து அனுப்ப ஒரு காருக்கு 20 விநாடி ஆகும். அப்போ ஒரு லேன்ல மணிக்கு 180, ரெண்டுல 360. மீதி 60 கார் நிக்குது. வரிசையில ஒரு காருக்கு 6 மீட்டர். ரெண்டு வரிசையா நின்னாலும் 180 மீட்டர். உங்க முகப்பே 110தான். வால் பக்கத்து மனையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பை மூடி, சாலையில ஒரு லேனை முழுசா எடுத்துக்கும். பஸ் நடு லேன்ல நிக்கும், ஜனம் வண்டிக்கு நடுவுல ஓடி ஏறும். ஆபத்து தொடங்கும் இடம் இந்த 20 விநாடி. சாலை அகலத்தைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

செய்ய வேண்டியது:

பூம் பேரியரை (ஏறி இறங்கும் தடைக்கட்டை) எல்லைக்கோட்டுல வைக்காதீங்க. குறைஞ்சது 45–50 மீட்டர் உள்ளே, ரேம்ப் (பேஸ்மென்டுக்கு இறங்குற சரிவு) இறங்கி முடிஞ்ச பிறகு சமதளத்துல வைங்க. சரிவுல கேட் வெச்சா கிளட்ச், ஹேண்ட்பிரேக்னு ஒவ்வொரு வண்டியும் 3–4 விநாடி கூட எடுக்கும், பின்னால உருளும்.

டிக்கெட்டும் சோதனையும் ஒரே இடத்துல வேண்டாம். நம்பர் பிளேட் கேமராவோ ஃபாஸ்டேகோ இருந்தா ஒரு காருக்கு 7 விநாடி. ஒரு லேன் மணிக்கு 500 தாண்டும். டிக்கி சோதனையை அதுக்கு முன்னால 3 லேனாப் பிரிச்சு, லேனுக்கு ரெண்டு பேர் வெச்சு, ரெண்டு காரை ஒரே நேரத்துல பாருங்க.

கட்டணத்தை உள்ளே வரும்போது வாங்கவே கூடாது.

---

#3 நடைவாசி

மேட்டுக்கோடு சார் கார் வரிசையைச் சொல்லிவிட்டார். ஆள் வரிசையையும் சொல்கிறேன். அதை வரைபடத்தில் யாருமே வரைவதில்லை.

பெரிய வாசலில் மெட்டல் டிடெக்டரும் பை சோதனையும் வைப்பார்கள். ஒருவருக்கு 7–8 விநாடி. ஒரு வாசல்சட்டம் மணிக்கு 450–500 பேரைத்தான் அனுப்பும். சனிக்கிழமை மாலை 2,500 பேர் வந்தால் 5–6 சட்டம் வேண்டும். வழக்கமாக வைப்பது இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குத் திரை மறைத்து ஒன்று. பெண்கள் பக்கம் பையும் குழந்தையும் இருப்பதால் நேரம் கூடும், வரிசை நீளும். கட்டடக் கதவு நடைபாதையை ஒட்டி இருந்தால் அந்த வரிசை நிற்பது பொது நடைபாதையில். அந்த வழியாகச் சும்மா நடந்து போகிறவர் சாலையில் இறங்குவார். அதனால் சோதனை இடத்துக்கு முன்னால் மனைக்குள்ளேயே 7–8 மீட்டர் ஆழம் விடுங்கள். நிழல் வேண்டும். நம் வெயிலில் நிழல் இல்லாத வரிசை எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே போய்த்தான் நிற்கும்.

அடுத்தது, வாகன வழி நடைபாதையை வெட்டும் இடம். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் செய்வது: 150 மி.மீ. உயர நடைபாதை வாகன வழியில் சட்டென்று சாலை மட்டத்துக்கு இறங்கி, 7 மீட்டர் தாரைக் கடந்து, மறுபடி ஏறும். இரண்டு பக்க மூலையும் 9 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த வளைவில் கார் 30 கி.மீ. வேகத்தில் திரும்ப முடியும். வாகன வழி 7 மீட்டர் என்றாலும், இரண்டு வளைவையும் சேர்த்தால் நடப்பவர் கடக்க வேண்டியது 15 மீட்டருக்கு மேல். சக்கர நாற்காலிக்காரருக்கு இரண்டு ஏற்ற இறக்கம், இறங்கும் இடத்தில் மழைநீர்க் குட்டை, ஏறும் இடத்தில் 20 மி.மீ. விளிம்பு. முன்சக்கரம் சிறியது, அந்த 20 மி.மீ.யில் முட்டி நின்றுவிடும். பின்னால் ஹாரன்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. நடைபாதை அதே மட்டத்தில், அதே கல்லில், அறுபடாமல் ஓட வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார். கர்ப் (சாலையோர விளிம்புக் கல்) பக்கம் 1 மீட்டர் அகலத்துக்குள் காருக்கான சரிவை முடித்து, அதன்பிறகு நடப்பவருக்கான பாதை சமமாகப் போகட்டும். மூலை ஆரம் 3–4 மீட்டர் போதும், காருக்கு 15 கி.மீ.க்கு மேல் வராது. தடுப்புச் சுவர், விளம்பரப் பலகை, செடித்தொட்டி எதுவும் வாயிலின் இரண்டு பக்கமும் 2 மீட்டர் வரை 60 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது. கார் ஓட்டுபவர் கண்ணில் குழந்தையின் தலை தெரிய வேண்டும், அளவு அதற்காகத்தான்.

அந்த 2 மீட்டர் நடைபாதை போதாது. ஐ.ஆர்.சி. 103 (இந்திய சாலைக் காங்கிரஸின் பாதசாரி வசதி வழிகாட்டி) வணிக, கலப்புப் பகுதிக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 2.5 மீட்டர் என்கிறது. கடை முகப்புக்கு 3.5 முதல் 4.5. தடையில்லாத என்பதுதான் முக்கியம். கம்பம், மரம், பெட்டி போக மிச்சம்.

---

#4 நீளஅகலம்

நன்றி மேடம். அந்த 2 மீட்டரிலேயே மின்வாரிய பில்லர் பாக்ஸ் (மின் இணைப்புப் பெட்டி) இரண்டு, டெலிபோன் சேம்பர் மூடி ஒன்று, பழைய வேப்பமரம் ஒன்று இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் மரத்தருகே மிச்சம் 70 செ.மீ. சாலைப் பக்கம் நகர்த்த இடமில்லை.

---

#5 நடைவாசி

அப்படியானால் உள்பக்கம் நகர்த்துங்கள். முன்பக்க செட்பேக்கில் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் விடும் காலி இடம்) காம்பவுண்டு சுவர் எழுப்பாமல் முதல் 3 மீட்டரை நடைபாதையோடு ஒரே மட்டத்தில், ஒரே தரையில் சேர்த்துவிடுங்கள். மரமும் பெட்டிகளும் இருக்கும் பழைய 2 மீட்டர் கம்பம், இருக்கை, மரத்துக்கான பட்டையாகட்டும். நடப்பது உள்பக்க 3 மீட்டரில். கடை முகப்புப் பக்கம் இன்னும் ஒரு மீட்டர் கூடுதலாக விடுங்கள், கண்ணாடிக்குள் பார்த்து நிற்பவர் நடப்பவரை மறிக்காமல் இருக்க.

"எங்கள் நிலத்தை ஏன் ஊருக்கு விட வேண்டும்" என்று முதலாளி கேட்பார். பதில் எளிது: அங்கே நடப்பவர்கள் எல்லோரும் அவர் கடைக்கு முன்னால்தான் நடக்கிறார்கள். பாண்டி பஜாரில் தியாகராய சாலையின் நடைபாதை 2019இல் விரிந்தது. சாயங்காலம் அங்கே போனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், குழந்தையை நடக்கவிட்டுப் பார்ப்பவர், கடை பார்ப்பவர் மூவருக்கும் தனித்தனி இடம் இருப்பது தெரியும். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்த ஊர் இது. கட்டடத்தின் வரைபடம் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது, மாநகராட்சியின் வரைபடம் கர்ப்பில் நின்றுவிடுகிறது, நடுவில் உள்ள 4–5 மீட்டரை யாரும் வரைவதில்லை. என் கணிப்பில் உங்கள் வளாகத்தின் பாதிப் பிரச்சினை அந்த 5 மீட்டரில்தான் இருக்கிறது. அதை 1:50 அளவில் தனித்தாளாக வரையுங்கள். 1:200இல் ஒரு விளிம்பும் தெரியாது.

பில்லர் பாக்ஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். நடைவழிப் பக்கம் திறந்தால், பழுதுபார்க்கும்போது ஒரு நாள் முழுக்க வழி அடைபடும்.

---

#6 ரேம்ப்8

கேட்டை உள்ளே தள்ளச் சொன்னது சரி. அதோட ரேம்ப் கணக்கையும் பார்த்துடுங்க. பேஸ்மென்ட் 3.6 மீட்டர் இறக்கம்னா, 1:8 சரிவுல (8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) நேரா 29 மீட்டர். ஆனா மேலயும் கீழயும் 3 மீட்டர் நீளத்துக்கு 1:16ல இணைப்புச் சரிவு தரணும். இல்லைன்னா செடான் காரோட அடிவயிறு உரசும், முன் பம்பர் இடிக்கும். அதையும் சேர்த்தா 32 மீட்டர். இடம் பத்தலைன்னு அந்த இணைப்பைத்தான் முதல்ல வெட்டுவாங்க. வெட்ட விடாதீங்க.

டூவீலருக்குத் தனி ரேம்ப் வேணும். 1,400 டூவீலர் இருக்கிற இடத்துல காரோட அதே ரேம்ப்ல விட்டா மழையில சறுக்கி விழும், பின்னால கார். அகலம் 2.5 மீட்டர், சரிவு 1:10, தரையில மீன்முள் மாதிரி குறுக்குக் கோடு வெட்டணும். எப்பாக்ஸி பெயின்ட் அடிக்காதீங்க, ஈரத்துல எண்ணெய் தடவின மாதிரி ஆயிடும். டூவீலர் நிறுத்துமிடம் லிஃப்டுக்குப் பக்கத்துலேயே இருக்கட்டும். தூரத்துல மூலையில கொடுத்தா நடைபாதையிலதான் நிறுத்துவாங்க.

தூண்: 8.4 மீட்டர் இடைவெளி, 60 செ.மீ. தூண்னா நடுவுல 7.8 மீட்டர், 3 கார் தாராளமா நிக்கும். மேல ஆபீஸ் டவருக்காக 8 மீட்டர் போட்டு 80 செ.மீ. தூண் வந்தா 7.2. மூணாவது கார்ல கதவு திறக்காது. ஸ்ட்ரக்சுரல் ஆளும் பார்க்கிங் ஆளும் ஒரே மேசையில உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டிய விஷயம் இது. தூண் இறுகினபிறகு தினமும் 200 பேர் நெளிஞ்சு நெளிஞ்சு இறங்க வேண்டியதுதான்.

பேஸ்மென்ட்ல காரை விட்டு இறங்கின நிமிஷத்துல இருந்து எல்லாரும் பாதசாரிதான். லிஃப்ட் வரைக்கும் 1.5 மீட்டர் அகலத்துக்கு வண்ணமடிச்ச நடைவழி, டிரைவ்வேயைக் கடக்கிற இடத்துல ஜீப்ரா, முக்குல குவியாடி. லிஃப்ட் லாபி கதவு நேரா டிரைவ்வேயில திறக்கக்கூடாது. கதவுக்கும் வண்டி ஓடுற கோட்டுக்கும் நடுவுல 1.5 மீட்டராவது விட்டு, ஒரு கம்பித் தடுப்பு வைங்க. குழந்தைங்க லிஃப்ட்ல இருந்து முதல்ல ஓடி வரும்.

---

#7 தெற்குவாசல்

வாகன வழி ரெண்டையும் பிரதான சாலையில் வைத்ததுதான் பெரிய தப்பு. அதுவும் மீடியன் உள்ள சாலை. வெளியே வரும் எல்லாரும் இடதுபக்கம் திரும்பி, யூ-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். ராஜீவ் காந்தி சாலையில் தினமும் பார்க்கிறோமே: யூ-டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் டூவீலர்கள் கர்ப் ஓரமாக எதிர்த்திசையில் வரும். அந்த ஓரத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஆட்டோவுக்குக் கை காட்டுபவர்கள். எதிர்த்திசை வண்டியை நடப்பவர் எதிர்பார்ப்பதில்லை, வலதுபக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவார், இடி இடதிலிருந்து வரும்.

உங்களுக்குக் குறுக்குத் தெரு இருக்கிறது. வெளியே வரும் வழியை அங்கே வையுங்கள், சந்திப்பிலிருந்து குறைந்தது 40–50 மீட்டர் உள்ளே தள்ளி. சந்திப்பில் சிக்னல் வந்தால் வலது திரும்பவும் முடியும். 9 மீட்டர் தெரு குறுகல்தான். உங்கள் பக்கம் 3 மீட்டர் செட்பேக்கைக் கொடுத்து நடைபாதையை உள்ளே எடுத்துக்கொண்டால் 9 மீட்டரும் வண்டிக்கு ஆகும். அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் சனிக்கிழமை கார் நிற்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எதிர்ப்பக்கம் இருந்து நடந்து வருபவர்களுக்கு ஒரு நடைமேம்பாலம் போட்டு, நேராக மாலின் முதல் தளத்தில் இணைத்துவிடலாம். தி.நகர் ஆகாய நடைபாதை மாதிரி. சாலையில் கடக்கவே வேண்டியிருக்காது.

---

#8 நடைவாசி

குறுக்குத் தெரு யோசனையை முழுக்க ஏற்கிறேன். மேம்பாலத்தில் மாறுபடுகிறேன்.

தி.நகர் ஆகாய நடைபாதை (2023 மே, 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம்) சாலையைக் கடக்கும் பாலம் இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஒரு தெரு. ரயில் நிலையத்தில் மேலேறிய பாலத்திலிருந்து அப்படியே நடந்துவிடலாம், கூட்டமும் வெயிலும் இல்லாமல் அரைக் கிலோமீட்டர் கடந்துவிடலாம். அதனால் மக்கள் ஏறுகிறார்கள். லிஃப்டும் நகரும் படியும் இருக்கின்றன.

உங்கள் முன்னால் உள்ளது ஒரு 18 மீட்டர் சாலை. வாகனம் ஓடும் அகலம் 14 மீட்டர். தரைவழி 12 விநாடி. மேம்பாலத்துக்கு அடியில் 5.5 மீட்டர் இடைவெளி, பாலத்தின் கனம் சேர்த்து 6 மீட்டருக்கு மேல். 15 செ.மீ. படியாக 40க்கு மேல் ஏறி 40க்கு மேல் இறங்க வேண்டும். மாலுக்கு வருபவர் ஒரு பக்கம்தான் ஏறுவார் என்று வைத்தாலும், பஸ்ஸுக்குப் போகிறவர், எதிரே டீக்கடைக்குப் போகும் ஆபீஸ்காரர், மால் பூட்டியபிறகு இரவு 11 மணிக்கு வீட்டுக்குப் போகும் கடை ஊழியர், இவர்கள் யாரும் ஏற மாட்டார்கள். பாலத்தின் தூணும் படிக்கட்டும் இருக்கிற நடைபாதையையும் விழுங்கும். மெட்ரோ நிலையம் முன்னால் வந்தால் அந்த நிலையத்தின் மேல்தளத்திலிருந்து நேராக ஒரு இணைப்பு கொடுப்பது வேறு விஷயம், அதற்கு இடம் விட்டு வையுங்கள். (மாதவரம்–சிறுசேரி சிப்காட் வழித்தடம் ராஜீவ் காந்தி சாலை வழியாகத்தானே வருகிறது.)

இங்கே வேண்டியது சிக்னலோடு தரைவழிக் கடப்பு, பஸ் ஸ்டாப்பும் பெரிய வாசலும் சேரும் நேர்கோட்டில். ஜனம் நடக்கும் கோட்டை நாம் பின்பற்றினால்தான் நாம் போடும் கோட்டை ஜனம் பின்பற்றும். மீடியனில் குறைந்தது 2 மீட்டர் ஆழம் நிற்க இடம், சமமட்டத்தில் வெட்டி. 14 மீட்டரை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் 12 விநாடி. மூட்டுவலியோடு நடப்பவரின் 0.8 மீட்டர் வேகத்தில் 18 விநாடி. பதினெட்டையே வையுங்கள். அதற்கு முன்னால் இறங்கத் தொடங்க 7 விநாடி பச்சை. காத்திருப்பு 60 விநாடியைத் தாண்டினால் சிவப்பிலேயே இறங்கிவிடுவார்கள், அதையும் மனதில் வைத்து சுழற்சியைச் சுருக்குங்கள்.

---

#9 தெற்குவாசல்

சரி மேடம், பாலத்தை விட்டுவிடுகிறேன். படிக்கட்டு நடைபாதையை விழுங்கும் என்பதை யோசிக்கவில்லை. மெட்ரோ இணைப்புக்கு முதல் தளத்தில் ஒரு கடை அகலத்துக்கு, 5 மீட்டர், நிரந்தரமாக எதுவும் கட்டாமல் விட்டால் போதும். பஸ் ஸ்டாப்பை உள்ளே போகும் வழிக்கு முன்னால் வைப்பதற்குப் பதில் அதைத் தாண்டி நகர்த்தக் கேளுங்கள். நிற்கும் பஸ்ஸைச் சுற்றி வந்து கார் இடதில் வெட்டுவது நின்றுவிடும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு வரைபடத்தோடு கடிதம் கொடுத்தால்தான் நடக்கும், வாய்வார்த்தைக்கு நடக்காது.

---

#10 பின்வாசல்

யாரும் சரக்கைப் பேசலை. நீளஅகலம் சாரோட பட்டியல்லயும் இல்லை.

கடைகள், உணவுக்கூடம், சூப்பர்மார்க்கெட், 240 வீட்டோட குப்பை, வீடு மாத்துற லாரி, கேஸ் வண்டி, தண்ணி லாரி. இதுக்கெல்லாம் வழி வரையலைன்னா அது பெரிய வாசல் முன்னாலதான் நிக்கும். லோடிங் பே (லாரி நின்னு சரக்கு இறக்குற இடம்) ஒவ்வொண்ணும் 3.5 × 10 மீட்டர், தலைக்கு மேல 4.5 மீட்டர் இடைவெளி. இந்த அளவுக்குக் குறைஞ்சது 4 பே. லாரி முன்பக்கமா உள்ளே வந்து, உள்ளேயே திரும்பி, முன்பக்கமா வெளியே போகணும். ரோட்டுல இருந்து ரிவர்ஸ் எடுத்து நடைபாதையைக் கடக்கிற மாதிரி வரைஞ்சா அது ஒருநாள் உயிரை எடுக்கும். லாரி டிரைவருக்குப் பின்னால நிக்கிற குழந்தை தெரியவே தெரியாது.

குப்பை வண்டிக்கு காம்பேக்டர் தூக்கும்போது உயரம் கூட வேணும். 4.5ல இடிக்கும், அந்த இடத்தைத் திறந்தவெளியா விடுங்க.

அடுத்தது டெலிவரி தம்பிங்க. ராத்திரி 8ல இருந்து 10 வரைக்கும் உணவுக்கூடம் இருக்கிற எந்த வளாகத்துலயும் 30–40 பைக் வாசல்ல நிக்கும். செக்யூரிட்டி விரட்டுவாரு, அவங்க பத்தடி தள்ளிப் போய் நடைபாதையில நிறுத்துவாங்க. அவங்க தப்பில்லை, இடம் யாருமே கொடுக்கலை. குறுக்குத் தெரு பக்கம் 1 × 2 மீட்டர்ல 35 இடம், மேல கூரை, குடிதண்ணி, கழிப்பறை, பார்சல் வாங்க ஒரு ஜன்னல். உணவுக்கூடத்துல இருந்து அந்த ஜன்னலுக்கு ஒரு சின்ன சர்வீஸ் லிஃப்ட். இவ்வளவுதான். ஆளுக்கு 6 நிமிஷம் மிச்சம், வாசல் காலி.

ஆட்டோ, டாக்சி இறக்கிவிடுற இடமும் அப்படித்தான். மணிக்கு 150 வண்டி, ஒண்ணுக்கு 80 விநாடின்னா ஒரே நேரத்துல சராசரி 3–4 நிக்கும். சராசரிக்குக் கட்டினா பாதி நேரம் ரோட்டுல நிக்கும், 7 இடம் கொடுங்க. ஏத்துற இடம் வேற, இறக்குற இடம் வேற. ஏத்த வர்ற வண்டி ஆள் வர்ற வரைக்கும் 4 நிமிஷம் நிக்கும், மணிக்கு 60 வந்தாலே 8 இடம் வேணும். செயலியில பிக்கப் புள்ளி அந்த இடத்துலதான் விழணும்னு டாக்சி நிறுவனங்களுக்கு எழுதி மாத்தணும். புள்ளி பெரிய வாசல் முன்னாடி இருந்தா, நீங்க கட்டின இடம் சும்மா கிடக்கும்.

---

#11 வடிகால்

ரேம்ப் வாய்க்கு முன்னால் மேடு போட்டிருக்கிறீர்களா? சாலை மட்டத்துக்கு மேல் குறைந்தது 450 மி.மீ. வேண்டும். நடைபாதை 150, அதற்கு மேல் 300. இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழையில் சாலைத் தண்ணீர் முழுவதும் பேஸ்மென்டுக்குள் இறங்கும். மேட்டின் வெளிப்புறம் ஒன்று, ரேம்ப் அடியில் ஒன்று என இரண்டு குறுக்கு வடிகால், 300 மி.மீ. அகலம். கீழே சம்ப்பில் இரண்டு பம்ப், ஒன்று மாற்று, ஜெனரேட்டர் இணைப்போடு.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, நடைவாசி சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே வரும் கார் மேட்டில் ஏறும்போது மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு நொடி ஓட்டுபவருக்கு வானமும் பானெட்டும்தான் தெரியும். மேடு நடைபாதையை ஒட்டி இருந்தால் அந்த நொடியில் காரின் முன்சக்கரம் நடைபாதையில் இருக்கும். அதனால் மேட்டிலிருந்து 300 மி.மீ. இறக்கத்தை 3 மீட்டரில் முடித்து, அதற்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு கார் நீளம், 5–6 மீட்டர், கிட்டத்தட்டச் சமதளம் விடுங்கள். கார் சமமாகி, நின்று, பார்த்துப் போகும்.

சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கினால் கர்ப் ஓரம் தண்ணீர் தேங்கும். அடியில் 100 மி.மீ. குழாய் வைப்பார்கள், முதல் மழையிலேயே பிளாஸ்டிக் பை அடைத்துவிடும். அந்தக் கடப்பின் மேட்டை கர்ப்புக்கு 250 மி.மீ. முன்னால் நிறுத்தி, இடைவெளியை வார்ப்பிரும்பு கிரேட்டிங்கால் மூடுங்கள். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே, இடைவெளி 12 மி.மீ.க்குள். நீளவாக்கில் போட்டால் நாற்காலிச் சக்கரமும் கைத்தடியும் சிக்கும். கிரேட்டிங் தூக்கும்படி இருக்கட்டும், செப்டம்பர் முடிவதற்குள் தூர்வார வேண்டும்.

வாசல் முன்னால் பளபளக்கும் கிரானைட் வேண்டவே வேண்டாம். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ கான்கிரீட் கல்லோ போதும்.

---

#12 மேட்டுக்கோடு

தியேட்டரைப் பத்தி ஒண்ணு. 5 திரையும் ராத்திரி ஒரே நேரத்துல விட்டா 220 கார் ஒண்ணா இறங்கும். வெளியே 2 லேன், பணம் வாங்கிச் சில்லறை கொடுக்க 25 விநாடின்னா மணிக்கு 288. 45 நிமிஷம் பேஸ்மென்ட்ல என்ஜின் ஓடிக்கிட்டே நிக்கும். கார்பன் மோனாக்சைடு சென்சாரும் எக்சாஸ்டும் வேலை செய்யுதான்னு அன்னைக்குத்தான் தெரியும். லிஃப்ட் லாபியில கட்டிட்டு வர்ற மாதிரி செஞ்சா கேட்ல 6 விநாடி. ஆனா கேட் மணிக்கு 1,000 விட்டாலும் குறுக்குத் தெருவும் சந்திப்பும் அவ்வளவு வாங்காது. 5–6 விநாடிக்கு ஒரு கார்னு 600–700தான் உச்சம், நடுவுல நடக்கிறவங்களுக்கு வழி விட்டா இன்னும் குறையும். அதனால ஆட்டம் முடியற நேரத்தை திரைக்கு 15–20 நிமிஷம் தள்ளித் தள்ளி வைக்கணும்னு வாடகை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. அப்புறம் கேட்டா யாரும் மாத்த மாட்டாங்க.

ஆபீஸ் பார்க்கிங்கும் தியேட்டர் பார்க்கிங்கும் ஒரே இடத்தைப் பகிரலாம். பகல் 10–6 அவங்க, ராத்திரியும் சனி ஞாயிறும் இவங்க. வீட்டுக்காரங்க இடத்தை மட்டும் இதுல சேர்க்காதீங்க. அவங்களுக்குத் தனி ரேம்ப், தனி கேட், குறுக்குத் தெருவோட கடைசியில. பால் வாங்கப் போறவர் சனிக்கிழமை மால் வரிசையில நிக்கக்கூடாது.

தீயணைப்பு வண்டிக்கு சுத்தி 6 மீட்டர், 45 டன் தாங்கணும், திரும்ப 9 மீட்டர் ஆரம். பேஸ்மென்ட் கூரை மேல அந்த வழி போகுதுன்னா ஸ்ட்ரக்சுரல் ஆளுக்கு இப்பவே சொல்லுங்க. திருவிழா சீசன்ல அந்த 6 மீட்டர்ல ஸ்டால் போடுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. ஸ்டாலுக்கு வேற இடம் வரைபடத்துலேயே குறிச்சுடுங்க.

---

#13 நீளஅகலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாற்றிய வரைபடம்:

வெளியே வரும் வழி குறுக்குத் தெருவுக்கு, சந்திப்பிலிருந்து 48 மீட்டரில். பிரதான சாலையில் உள்ளே போகும் வழி மட்டும், வலது ஓரத்துக்கு நகர்த்தி. கேட் 52 மீட்டர் உள்ளே. முன்பக்கம் 4 மீட்டர் நடைபாதையோடு சேர்கிறது, சுவர் இல்லை. வீடுகளுக்குத் தனி ரேம்ப். 4 லோடிங் பே பின்பக்கம். டெலிவரி ஜன்னலுக்கு முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். கடை பரப்பில் மொத்தம் 310 சதுர மீட்டர் குறைகிறது, அதற்கும் ஒப்புதல் வாங்கியாயிற்று. சனிக்கிழமை எண்ணிக்கை அடுத்த வாரம்.

ஒரு கேள்வி மிச்சம். நடைபாதையில் டூவீலர் ஏறாமல் இருக்க பொல்லார்டு (குட்டைத் தடுப்புக் கம்பம்) எவ்வளவு இடைவெளி? நாற்காலிக்கு 90 செ.மீ. வேண்டும், ஆனால் பைக் ஹேண்டில் 75தான்.

---

#14 ரேம்ப்8

90 விட்டா பைக் போகும், 70 வெச்சா நாற்காலி போகாது. பொல்லார்டால மட்டும் பைக்கை நிறுத்த முடியாது. பைக் நடைபாதையில ஏறுறதுக்குக் காரணம் முன்னால ஜாம். கேட்டை உள்ளே தள்ளினதும் பாதி குறையும். மீதிக்கு 1 மீட்டர் இடைவெளியில பொல்லார்டு, சாயங்காலம் ஒரு ஆள்.

---

#15 நடைவாசி

ரேம்ப்8 சொல்வதுதான் சரி. நாற்காலியை மறிக்கும் எந்தத் தடுப்பையும் வைக்காதீர்கள். U வடிவக் கம்பி வளையம், சுழல்கதவு எதுவுமே வேண்டாம். பொல்லார்டு உயரம் 90 செ.மீ.க்குக் குறையாமல், மேலே வெளிர் பட்டை, இரவில் தெரிய. முட்டி உயரத்தில் வைத்தால் பார்வை குறைந்தவர் அதில்தான் இடறுவார்.

மாற்றிய வரைபடத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். பார்வையற்றோருக்கான தடக் கல் 30 செ.மீ. பட்டை, பஸ் ஸ்டாப்பிலிருந்து பெரிய வாசலுக்கு நேராக வருகிறது, நன்றாக இருக்கிறது. ஆனால் கடப்புக்கு 3 மீட்டர் முன்னால் அந்த டெலிபோன் சேம்பர் மூடியின் மேல் ஏறிப் போகிறது. மூடியில் கல் பதிக்க முடியாது என்பதால் வேலை செய்பவர் அங்கே பட்டையை அறுத்துவிடுவார், நடப்பவர் அந்த இடத்தில் திசை தவறி கர்ப் பக்கம் போவார். சேம்பரை நகர்த்த அனுமதி வாங்க மாதக்கணக்கு ஆகும். பட்டையை 40 செ.மீ. கட்டடப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.